ஆப்பிள் நிற்க ஒரு தகரம்

எனக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை. கேட்டால் பதில் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன். மலேசியாவில் கோலா சாவா பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தெட்டு வருடமாக ஃபிட்டர் வேலை. மெஷின் ஓடுகிற இடத்தில் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அது எனக்குத் தோதாகப் போய்விட்டது.

எழுதுவது பேசுவதைவிடச் சுலபமாக இருக்கிறது. குறுக்கே யாரும் வாய் வைப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால் நாலு கால் நட்டு, மேலே ஜிங்க் தகரம் போட்ட கொட்டாய் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், இரண்டு ஆங்கிள் இரும்பு, ஒரு தகரக் கத்தரி, கித்தா என்கிற ரப்பர் மரக் கட்டையில் செதுக்கிய கொட்டாப்புளி. லீவு நாளில் சின்னச் சின்ன தகரச் சாமான் மடிப்பேன். கதவுக் கொக்கி, மோட்டர் நம்பர் பலகைக்குப் பிடி, மசாலா டப்பாவுக்கு மூடி. பெரிய சாமான் செய்ய மாட்டேன். பெரிய சாமான் என்றால் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். பார்த்தால் பேசுவார்கள்.

மகளுக்கு லுக்குட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சும்மா பெயருக்குப் பார்க்கத்தான். அவளும் அந்தப் பையனும் ஒரே கம்பெனியில் வேலை. நாலு வருடமாகப் பழக்கம். பையன் நல்ல பையன். வந்ததும் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான். எனக்கு அதுவே போதும்.

பெண்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். கூடத்தில் நானும் பையனின் அப்பாவும். எதிர் எதிர் நாற்காலி. ஒரு மணி நேரம். அவர் ஃபேனைப் பார்த்தார். நானும் ஃபேனைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்:

"ஃபேன் சத்தம் போடுது."

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான். காப்பி குடித்தார்கள், போய்விட்டார்கள். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். தொந்தரவு இல்லாத ஆள்.

ஒரு வாரம் கழித்து ராசா என்ற ஊரிலிருந்து என் மச்சான் வந்தார். வீட்டுக்காரியின் அண்ணன். எனக்கும் சேர்த்துப் பேசுகிற ஆள். காடியை நிறுத்துவதற்கு முன்னாலேயே கண்ணாடியை இறக்கிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான்! என்னா செஞ்சி வச்சிருக்கீங்க? மாப்பிள அம்மா கேக்குறாங்க, பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டம் இல்லையான்னு!"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம் லா. ஒரு மணி நேரம் மொகத்த உம்முனு வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா வேற என்னா நெனைப்பாங்க?"

"அவரும்தான் பேசல."

"அவரு மாப்பிள வீட்டுக்காரரு. பேசலன்னா கௌரவம். நீங்க பேசலன்னா திமிரு."

இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அவருடைய தங்கச்சியை அப்படித்தான் மனசில்லாமல் கட்டிக் கொடுத்தார்களாம். கடைசிவரை அப்பன் வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லையாம். "அப்பனுக்கு மனசில்லாத பொண்ண நாங்க எடுக்க மாட்டோம். பரிசத்தன்னிக்கி எல்லார் முன்னாலயும் அவரு வாயாலயே கேப்பேன். அவரு மொகத்தப் பாத்துத்தான் தட்டு மாத்துவேன்" என்று சொல்லியிருக்கிறார்.

மகள் அன்று சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ப்பா, அவங்க வர்ற அன்னிக்கி நீங்க பேசணும்."

"என்னா பேசுறது?"

"எதாச்சும். எல்லாரும் பேசுறாங்கல்ல?"

எல்லாரும் என்ன பேசுகிறார்கள் என்று நான் கவனித்ததில்லை. அதைச் சொன்னேன். அவள் ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தாள். வழியில் வண்டி ஜாமா. மழையா. உடம்பு எப்படி. வேலை எப்படி. சாப்பாடு போதுமா. தாளைக் கொட்டாயில் வைஸுக்கு மேலே ஒட்டிவைத்து, மடிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். ஓர் அடி, ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுக் கோழிதான் கேட்டது.

வீட்டுக்காரிக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். போனில் யாரோ வீட்டுப் பரிசத்தைக் காட்டினாள். சீர்த்தட்டில் எல்லாச் சாமானும் நிற்கிறது. சட்டை நிற்கிறது. சீப்பு நிற்கிறது. ஆப்பிள் படிப்படியாக ஏறி நிற்கிறது.

"நம்ம தட்டுலயும் எல்லாம் நிக்கணும். ஒங்க வாய் பேசலன்னா தட்டாவது பேசட்டும். பொண்ணோட அப்பாவே கையால செஞ்சாருன்னு நான் சொல்லிக்குவேன். மனசில்லாதவன் இப்படிச் செய்வானான்னு கேட்டுருவேன்."

பதினொரு தட்டு. மூன்று வாரம். நான் சரி என்றேன். மடிப்பதற்கு வாய் வேண்டியதில்லை.

அலுமினியத் தகடு ஒன்று கிடந்தது. டவுனில் மூடிப்போன சாப்பாட்டுக் கடையின் பலகை. ஒரு பக்கம் கோழிப் படம். படத்தைக் கீழ்ப்பக்கம் வைத்து வெட்டினேன். முதலில் அட்டையில் மடித்துப் பார்ப்பேன், பிறகுதான் தகட்டில் கோடு போடுவேன். இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவில் தகட்டை வைத்து வைஸில் இறுக்கிக் கையால் சாய்க்க வேண்டும். கடைசியில் கொட்டாப்புளியால் தட்டினால் முனை கூர்மையாக வரும். அலுமினியம் சொன்ன பேச்சு கேட்கும். சட்டைக்கு ஒன்று, வளையலுக்கு ஒன்று, வெற்றிலைக்கு விசிறி மாதிரி ஒன்று. எல்லாம் நின்றது.

ஆப்பிள் தட்டுக்கு மூன்று படி. படிக்கு மூன்று ஆப்பிள். ஒவ்வொரு ஆப்பிளையும் பிடிக்க மூன்று விரல் வைத்த ஒரு பிடி வேண்டும். அந்த விரல் ஆப்பிளின் இடுப்பைத் தாண்டி மேலே போய், லேசாக உள்ளே வளைந்தால் ஆப்பிள் அசையாது. அலுமினியத்தில் செய்தால் விரல் தொங்கிவிடுகிறது. அதனால் விரலுக்கு மட்டும் பாத்திரம் கழுவுகிற பழைய எவர்சில்வர் சிங்க்கை வெட்டினேன்.

எவர்சில்வர் முரடு. எந்த அளவுக்கு மடித்தாலும் கையை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி வரும். அதனால் வேண்டியதற்கு மேலே தாண்டி மடிக்க வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வைத்துப் பார்க்க வீட்டில் ஆப்பிள் இல்லை. பெரிய வெங்காயம் இருந்தது. லுக்குட் கடையில் நாங்கள் வாங்குகிற ஆப்பிளும் அந்த அளவுதான். ஒன்பது வெங்காயத்தை வைத்துத் தட்டைத் தலைகீழாகப் பிடித்தேன். ஒன்றும் விழவில்லை.

உள்ளேயிருந்து வீட்டுக்காரி கத்தினாள்.

"வெங்காயம் எங்கங்க? சாம்பாருக்கு ஒண்ணு இல்ல!"

"நிக்குது."

"என்னாது?"

"நிக்குது வந்து பாரு."

வந்து பார்த்தாள். சிரித்தாள். சாம்பாருக்கு மூன்றைப் பிடுங்கினாள். பிடுங்க இரண்டு கை தேவைப்பட்டது. எனக்குத் திருப்தி.

பரிசம் ஞாயிற்றுக்கிழமை. செம்பனைத் தோட்டத்துக் கோயில் மண்டபம். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் தாம்பூலம் மாற்ற வேண்டும் என்று பூசாரி சொல்லியிருந்தார். காலையிலிருந்து நான் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். தட்டு எல்லாம் வந்து இறங்கியது. ஆப்பிள் தட்டைக் கண்ணாடித் தாளில் சுற்றி, மேலே ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

ஆப்பிளைப் பார்த்தேன். அது லுக்குட் ஆப்பிள் இல்லை. வீட்டுக்காரி சிரம்பான் டவுனுக்குப் போய்ப் பெரிய கடையில் வாங்கியிருக்கிறாள். ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு.

"நின்னுச்சா?" என்றேன்.

"மொதல்ல நிக்கல. நல்லா அமுக்கி, மேல தாள இறுக்கிக் கட்டுனேன். நின்னுருச்சி" என்றாள்.

விரல் இடுப்பைத் தாண்டியிருக்காது. இடுப்புக்குக் கீழேயே நின்றிருக்கும். அப்படியென்றால் அது பிடிக்கவில்லை, தள்ளிக்கொண்டிருக்கிறது. புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் என்ன ஆகுமோ அதுதான். ரிப்பன் மட்டும்தான் தடுத்துக்கொண்டிருந்தது.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக் காடிகள் வந்துவிட்டன.

பாயில் எதிர் எதிராக உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் நான், வீட்டுக்காரி. அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. நடுவில் தட்டுகள். மகள் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் பின்னால் நின்று முதுகில் ஒரு விரலால் குத்தினார். நான் ஆரம்பித்தேன்.

"வழியில ஜாமா?"

"இல்ல" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"மழையா?"

அவர் வெளியே பார்த்தார். வெயிலில் கண் கூசியது.

"இல்ல" என்றார்.

மூன்றாவது கேள்வி மறந்துவிட்டது. ஐந்தாவதுதான் ஞாபகம் வந்தது.

"சாப்பாடு போதுமா?"

இன்னும் சாப்பாடே போடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். மச்சான் பின்னாலிருந்து, "போதும் மச்சான், வாய மூடுங்க" என்று காதில் சொன்னார். என்னிடம் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரி சட்டென்று ஆப்பிள் தட்டை நகர்த்தினாள். "சம்பந்தி, இது இவரு கையாலயே செஞ்சது. மூணு வாரமா கொட்டாயே கதின்னு கெடந்தாரு. நீங்கதான் பிரிச்சிப் பாக்கணும்" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. கையை நீட்டி ரிப்பனை இழுத்தார்.

முதல் ஆப்பிள் மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சில் பட்டது. இரண்டாவது குத்துவிளக்குப் பக்கம் போனது. மூன்றாவது மேலே போய்ப் பூசாரி மடியில் இறங்கியது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாலாவது எங்கே போனது என்று தெரியவில்லை. சாயந்திரம் மிருதங்கத்துக்குப் பின்னால் கிடைத்தது. மற்ற ஐந்தும் நடுங்கிக்கொண்டு நின்றன.

எல்லாரும் மாப்பிள்ளையின் அப்பாவையே பார்த்தார்கள்.

"அலாமாக்" என்றார் மச்சான். "ஆப்பிளுக்கே அவசரம் போல. சீக்கிரம் மாத்துங்க தட்ட!"

யாரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டார். நின்ற ஆப்பிள்களைப் பாயில் எடுத்து வைத்துவிட்டுத் தட்டைத் தூக்கினார். கண்ணுக்கு நேராகப் பிடித்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அடியில் பார்த்தார். அங்கே கோழியின் தலை இருந்தது. பிறகு எழுந்து, ஓர் ஆப்பிளையும் எடுத்துக்கொண்டு, தட்டோடு மண்டபத்துக்கு வெளியே நடந்தார்.

சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் வெளியே போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பாதி எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன். செருப்பு போடாமல் பின்னால் போனேன்.

அவர் மண்டபத்துக்குப் பின்னால், தேங்காய் உடைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தட்டைக் கல் மேல் வைத்து, பிடியின் ஒரு விரலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"எவர்சில்வரா?"

"ஆமா."

"என்னா தடிப்பு?"

"சிங்க் தகடு. அர மில்லி கொஞ்சம் கூட."

"அதான்" என்றார். "தாண்டி மடிக்கல நீங்க."

"தாண்டித்தான் மடிச்சேன்."

"எதுக்கு?"

"வெங்காயத்துக்கு."

நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னேன். வெங்காயம், லுக்குட் ஆப்பிள், சிரம்பான் ஆப்பிள், எல்லாம். அவர் தலையை ஆட்டிக் கேட்டார்.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்றார். "அளவு சொல்லுவாங்க. சாமான் வேற வாங்குவாங்க."

"நீங்க என்னா வேல?" என்றேன். தாளில் இருந்த நாலாவது கேள்வி. அது தானாக வந்துவிட்டது.

"ஏர்கோன் காத்துக் கொழா. தகரம் மடிக்கிறது. முப்பத்தோரு வருசம்."

ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்தோம். இரண்டு பேரும் தகரக்காரர்கள். நான் அவர் பக்கத்தில் குந்தினேன்.

அவர் காடியிலிருந்து குறடு கொண்டுவந்தார். கருவிப் பெட்டியில் கையைக்கூட விட வேண்டியதில்லை, மேலேயே வைத்திருந்தார். ஒரு விரலின் நுனியை மட்டும் பிடித்து உள்ளே வளைத்தார்.

"நுனிய வளச்சா பத்தாது" என்றேன். "அடியில விரிக்கணும். அப்பத்தான் வெரல் இடுப்பத் தாண்டும்."

"அடியில விரிச்சா பிடி போயிரும்."

"போவாது."

"போவும் சம்பந்தி! முப்பத்தோரு வருசமா மடிக்கிறேன்!"

"நீங்க காத்துக்கு மடிக்கிறீங்க! இது ஆப்பிளு!"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. அவர் கல்லில் வைத்துத் தட்டுவதுதான் சரி என்றார். தட்டினால் எவர்சில்வர் சுருங்கும், வைஸ் வேண்டும் என்றேன். கல்லுக்கு என்ன குறை என்றார். கல்லுக்கு வாய் கிடையாது, பிடிக்காது என்றேன். அவர் எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்றேன். இரண்டு பேரும் கையை நீட்டி நீட்டிப் பேசினோம்.

இதெல்லாம் மண்டபத்துக்குள் கேட்டிருக்கிறது. பொருள் கேட்கவில்லை, சத்தம் மட்டும்தான். என் குரலை இந்த அளவில் என் வீட்டுக்காரியே கேட்டதில்லை. சம்பந்திகள் அடித்துக்கொள்கிறார்கள் என்று உள்ளே முடிவாகிவிட்டது.

முதலில் ஓடிவந்தது மகள். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றாள்.

"ப்பா! சண்ட போடாதீங்கப்பா!"

"சண்ட இல்ல" என்றேன். "பேசிக்கிட்டிருக்கோம்."

அவள் என்னைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். அவர் கையில் குறடு. என் கையில் தகரம். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பொட்டு கலையாமல் பார்த்துக்கொண்டாள்.

பின்னாலேயே வீட்டுக்காரி, மச்சான், மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளையின் அம்மா நேராகத் தன் வீட்டுக்காரரிடம் போனார்.

"என்னாங்க சத்தம்? என்னா சொல்றாரு?"

"அடியில விரிக்கணுங்குறாரு."

"என்னத்த?"

"வெரல."

மச்சான், "யாரு வெரல?" என்று ஓர் அடி பின்னால் போனார்.

நான் ஒரு பிடியை அடியில் விரித்து, நுனியையும் வளைத்துக் காட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா ஓர் ஆப்பிளை வைத்து அழுத்தினார். கையை எடுத்தார். ஆப்பிள் நின்றது. தட்டைத் தலைகீழாகத் திருப்பினார். அப்போதும் நின்றது. குறட்டை என் கையில் கொடுத்தார். தகரக்காரர்களுக்கு அது பெரிய விஷயம்.

மாப்பிள்ளையின் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இருவத்தேழு வருசத்துல எங்கிட்ட இவரு இவ்ளோ பேசுனதில்ல" என்றார். கோபமா என்ன என்று தெரியவில்லை. பிறகு முந்தானையைச் சொருகிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே. நான் நேரா கேக்குறேன். இந்தப் பொண்ண எங்களுக்குக் குடுக்க ஒங்களுக்கு மனசு இருக்கா, இல்லையா?"

எல்லாரும் நின்றார்கள். மகள் தலையைத் தூக்கினாள்.

"இருக்கு" என்றேன்.

அவர் நகரவில்லை. அது போதவில்லை என்று புரிந்தது. மகளைப் பார்த்தேன்.

"மொத நாளே இருந்துச்சு. அவன் செருப்ப ஒழுங்கா கழட்டி வச்சான். எனக்குப் பிடிச்சிருச்சி. சொல்லணும்னு தெரியல."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. வேர்த்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் குனிந்து அடுத்த பிடியைக் கல் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு மனசு இருக்கு லா. வழிய விடு, வெளிச்சத்த மறைக்கிற" என்றார். "இன்னும் எட்டு இருக்கு."

"எட்டா?" என்று மச்சான் தலையில் கை வைத்தார். "பன்னெண்டுக்கு எமகண்டம் சம்பந்தி! பூசாரி அங்க ஆப்பிள மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு!"

"அப்ப நீங்க பிடிங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா தட்டின் ஒரு மூலையை அவர் கையில் கொடுத்தார். மச்சான் பிடித்தார். நான் விரித்தேன். சம்பந்தி வளைத்தார்.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது தாம்பூலம் மாற்றினோம். இரண்டு பேர் கையிலும் கறுப்பு. வெற்றிலையில் கட்டைவிரல் அடையாளம் நாலு விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டுத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆப்பிள் ஏழுதான் நின்றது. இரண்டு பிடியை முடிக்க நேரமில்லை. மிச்சம் கிடந்த பூசாரி மடி ஆப்பிளை மச்சான் அங்கேயே நின்று கடித்துத் தின்றுவிட்டார்.